பத்திரத்தை அடகு வைக்கும் முன் பையனைப் பரிசோதியுங்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாப்பேட்டையில் பட்டு நெசவு செய்கிறேன். வீட்டிலேயே இரண்டு தறி. என் மகளுக்கு 6 வயது. ஒன்றரை வயதில் தலசீமியா மேஜர் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறோம். மூத்தவன் பையன், 11 வயது, நன்றாக இருக்கிறான். ஊசி என்றாலே அவனுக்கு பயம், அதனால் அவனுக்கு எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. போன மாதம் வெளியூர் சிகிச்சை மையம் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்து பேசினார். ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ ஊசி ஆறு போட்டால் இனி ரத்தமே ஏற்ற வேண்டாம் என்கிறார். மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவரின் ஆராய்ச்சிக் கட்டுரையையும் நகலெடுத்துக் கொடுத்தார், இதோடு இணைத்திருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பணம் புரட்டிவிடலாம். ஆடி முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறோம். அந்த விஞ்ஞானி சொல்வது உண்மைதானா? இரும்பைக் குறைக்கும் மாத்திரை போட்டால் வயிறு வலிக்கிறது, பேதியாகிறது என்று பாப்பா அழுவதால் நான்கு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அப்புறம் இன்னொன்று. என் மனைவி (என் சொந்த அக்கா மகள்தான்) மாசமாக இருக்கிறாள், பத்து வாரம். பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பாப்பாவுக்கு உதவுமா?

— பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இங்கே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறோம். அசலில் மூன்றரைப் பக்கம் ஊசியைப் பற்றி இருந்தது. கடைசியில் ‘அப்புறம் இன்னொன்று’ என்று இரண்டு வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் அவசரம். இது வெளிவரும்வரை காத்திருந்தால் நாள் கடந்துவிடும் என்பதால் உங்களுக்கு அன்றே தனியாகத் தகவல் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கே முதலில் எழுதுகிறேன்.

தலசீமியா என்பது சிவப்பணுவுக்கு வேண்டிய ஹீமோகுளோபினை உடம்பு சரியாகச் செய்ய முடியாத மரபு நோய். பாப்பாவுக்கு அது மேஜர் என்றால், நீங்களும் உங்கள் மனைவியும் அந்தக் குறையை ஒற்றையாகச் சுமப்பவர்கள் என்று அர்த்தம். ஒற்றையாக இருப்பது நோய் இல்லை. லேசான சோகையோடு போய்விடும், பலருக்கு அதுகூடத் தெரியாது. இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் மேஜர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அப்படிச் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ‘ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி வராது’ என்று சொந்தக்காரர்கள் யாராவது கணக்குச் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். போன முறை என்ன விழுந்தது என்று தாயக்கட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்த நோய் உண்டா என்று இப்போதே பார்க்க முடியும். 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்து மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அதைத் தவறவிட்டால் 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரில் பார்க்கலாம், ஆனால் முடிவெடுக்கும் நேரம் சுருங்கிவிடும். இதனால் கரு கலைந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். கைதேர்ந்தவர்கள் செய்தால் அந்த ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் இருவருக்கும் அந்த மரபணுவில் எந்த எழுத்து பிசகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் குழந்தையிடம் எதைத் தேடுவது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். அந்த முடிவு வரச் சில நாள் ஆகும். பத்து வாரம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து நான் பதறியது அதனால்தான். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் சட்டப்படி குற்றம். ரத்தச் சிவப்பணு நோய்களுக்காகக் கருவைப் பரிசோதிக்க அதே சட்டம் அனுமதி தருகிறது, பதிவு பெற்ற மையத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. அதில் மாமியார், அக்கா, நான் யாரும் தலையிட முடியாது.

உங்கள் விஷயத்தில் மாமியாரும் அக்காவும் ஒருவரே. இந்த ஊரில் எனக்கு அது புதிதில்லை. ‘சொந்தத்தில் கட்டினதால்தானே டாக்டர்?’ என்று தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒரே மூதாதையரிடமிருந்து ஒரே பிசகு இரு பக்கமும் இறங்கி வர வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் நம் நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் இதைச் சுமக்கிறார்கள். அந்நியத்தில் கட்டியவர்களும் என் வாசலில் வரிசையில் இருக்கிறார்கள். உங்கள் மனைவியை யாரும் குற்றம் சொல்ல விடாதீர்கள். அதைவிட உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும், ஒற்றையாகச் சுமப்பவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். இதே போல ஹீமோகுளோபின் பிசகால் வரும் இன்னொரு மரபு நோயான அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2023இல் தேசிய அளவில் இயக்கம் ஒன்று தொடங்கினார்கள், பழங்குடி மக்களிடம் பரிசோதனை நடக்கிறது. ஏற்காட்டு மலைக் கிராமத்து முகாம் ஒன்றில் ஆடு மேய்க்கும் பையன் தன் பரிசோதனை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மலையிலிருந்து இறங்கினால் கல்லூரி முடித்த மாப்பிள்ளைக்கு ஜாதகம் மட்டும்தான் கையில் இருக்கிறது.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

நீங்கள் இணைத்த நகலைப் பிரிக்கும்போது அது போலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அசல். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கதரினா லெ பிளாங்க் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் எழுதியது. மூன்றே பக்கம். ஆனால் எங்கள் துறையில் அதைப் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

அதில் சொல்லப்படும் கதை இதுதான். ஒன்பது வயதுப் பையன். ரத்தப் புற்றுநோய்க்காக வேறொருவருடைய ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது எலும்பு மஜ்ஜைக்குள் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்களை, அவனுக்கு மாற்றிவைத்தார்கள். மாற்று சிகிச்சையில் ஓர் ஆபத்து உண்டு. புதிதாகக் குடிவந்த ரத்தம் தான் வந்து சேர்ந்த உடம்பையே அந்நியமாகப் பார்த்து அடிக்கத் தொடங்கும். அந்தப் பையனுக்குக் குடலிலும் ஈரலிலும் அந்தத் தாக்குதல் உச்ச கட்டத்தில் இருந்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. அவனுடைய அம்மாவின் மஜ்ஜையிலிருந்து மீசென்கைமல் செல்களை வளர்த்தெடுத்துச் செலுத்தினார்கள். தாக்குதல் அடங்கியது. ஓராண்டு கழித்தும் பையன் நலமாக இருந்தான்.

கவனியுங்கள். அந்தப் பையனுக்கு ரத்தம் கொடுத்தது ஏற்கனவே மாற்றிவைத்த ரத்த ஸ்டெம் செல். மீசென்கைமல் செல் வந்தது சண்டையை விலக்கிவிட. தலசீமியா குழந்தைக்கு அதைப் போட்டார்கள், ரத்தம் ஊறியது என்று அந்தக் கட்டுரை சொல்லவே இல்லை. எனவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அந்த விஞ்ஞானி சொல்வது உண்மை. அதை உங்கள் ஃபைலில் ஸ்டேப்ளர் போட்டு இணைத்தவர் சொல்வதுதான் பொய்.

இந்தச் செல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. படிக்கிற காலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில மாதம் இவற்றை வளர்த்திருக்கிறேன். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை பார்ப்பதற்குக் கொஞ்சம் கெட்டியான ரத்தம் போலவே இருக்கும். அதைப் பக்குவம் செய்து, ஊட்டத் திரவத்தோடு ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவையில் ஊற்றி, உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைப்போம். இரண்டு மூன்று நாள் கழித்து அந்தத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிது மாற்ற வேண்டும். மிதந்துகொண்டிருக்கும் ரத்தச் செல்கள் அதோடு போய்விடும். பிளாஸ்டிக்கின் அடியில் ஒட்டிக்கொண்டவை மட்டும் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முதலில் குடுவை காலியாக இருப்பது போலத்தான் தெரியும். கண்ணை ஓட்டித் தேடினால் அங்கொன்று இங்கொன்று கிடைக்கும், நடுவில் தடித்து இரு முனையும் கூர்ந்து, அச்சாக, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் உங்கள் தறி நாடா மாதிரி. மஜ்ஜையில் பத்தாயிரம் செல்லுக்கு ஒன்றுகூடத் தேறாது, சில நேரம் லட்சத்துக்கு ஒன்று. ஆனால் விட்டால் பெருகும். இரண்டு மூன்று வாரத்தில் குடுவையின் அடிப்பரப்பு முழுக்க நாடா நாடாவாக, மீன் கூட்டம் ஒரே பக்கம் திரும்பியது போல வரிசை பிடித்து நிற்கும்.

நான் சொல்ல வந்தது இதைத்தான்: மீசென்கைமல் செல்லை வளர்க்க நாங்கள் செய்யும் முதல் காரியமே ரத்தத்தைக் கொட்டிவிடுவது. இரண்டும் ஒரே எலும்புக்குள் இருப்பவை, ஆனால் வேறு வேறு குடும்பம்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் என்ற சோவியத் விஞ்ஞானி. 1960களில் அவர் ஒரு விலங்கின் மஜ்ஜையை எடுத்து இன்னொரு விலங்கின் உடம்பில், எலும்பே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே சின்னதாக ஓர் எலும்பு உருவானது. எலும்புக்குள் மஜ்ஜை, மஜ்ஜைக்குள் ரத்தம், எல்லாம் முறைப்படி. எது யாருடையது என்று பார்த்தார். எலும்பு, மஜ்ஜை கொடுத்த விலங்கினுடையது. உள்ளே ஊறிய ரத்தம், அதை வாங்கிக்கொண்ட விலங்கினுடையது. கொடுத்தவர் செல் வீட்டைக் கட்டியது, குடியிருக்க வந்தது உள்ளூர் ரத்தம். அறுபது வருடத்துக்கு அப்புறமும் இந்தச் சோதனையைவிட நல்ல பதில் உங்கள் கேள்விக்கு என்னிடம் இல்லை.

‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் ஆர்னால்டு கேப்லன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 1991இல். அவரே 2017இல் ‘இந்தப் பெயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது’ என்று எழுதினார். ஸ்டெம் செல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கடை விரிக்கிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். இந்தச் செல்கள் புதுத் திசுவாக மாறி வேலை செய்வதைவிட, பக்கத்தில் இருக்கும் செல்களுக்குச் சேதி அனுப்பித்தான் அதிகம் வேலை செய்கின்றன என்று அவர் சொன்னார். பெயர் மட்டும் இன்னும் போகவில்லை.

உங்கள் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். எந்த உருவம் விழ வேண்டும் என்று துளைகளால் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓர் ஓட்டை தப்பான இடத்தில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். முந்தானையில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அன்னம் கழுத்தில்லாமல் வரும். நீங்கள் தறிக் காலை நேராக்குவீர்கள், பாவு நூலை இறுக்குவீர்கள், நாடாவை மாற்றுவீர்கள். அன்னத்துக்குக் கழுத்து வருமா? பாப்பாவுக்குப் பிசகியிருப்பது அட்டை. பதினோராம் குரோமோசோமில் ஹீமோகுளோபின் செய்யச் சொல்லும் மரபணு. அந்த அட்டையை வைத்து நெய்கிறவை ரத்த ஸ்டெம் செல்கள். மீசென்கைமல் செல் தறிமேடை. ஆறு ஊசி என்பது ஆறு முறை தறிமேடையைச் சரிசெய்வது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்போது ரத்த நோய்க்கும் இந்தச் செல்லுக்கும் சம்பந்தமே இல்லையா?’ என்று கேட்டால் அதுவும் தப்பு. தறிமேடை ஆடினால் நல்ல அட்டை போட்டாலும் துணி கெடும் அல்லவா? மஜ்ஜைக்குள் ரத்த ஸ்டெம் செல்லை அதன் இடத்தில் பிடித்து வைப்பதே இந்த மீசென்கைமல் குடும்பம் சுரக்கும் பொருட்கள்தான். 2010இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ரத்தச் செல்களைத் தொடவே இல்லை, எலும்பைக் கட்டும் செல்களில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கினார்கள். ரத்தம் கெட்டுப்போனது, சில எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. வீட்டின் கோளாறு குடியிருப்பவரை நோயாளியாக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. சில வகை மஜ்ஜை நோய்களில் இந்தத் திசையில் ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அது ஆராய்ச்சியின் மேல் உள்ள நம்பிக்கை, பத்திரத்தை அடகு வைக்கிற நம்பிக்கை இல்லை.

ஸ்வீடன் பையனின் கதைகூட மருந்தாகி வரப் பட்ட பாடு கொஞ்சமா? 2009இல் அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று, எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் தோற்றது. 2012இல் கனடா குழந்தைகளுக்கு மட்டும் அனுமதித்தது. 2015இல் ஜப்பான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இலும் 2023இலும் ‘ஆதாரம் போதாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டு, 2024 டிசம்பரில்தான் சம்மதித்தது. அதுவும் எதற்கு? மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் அந்தத் தாக்குதல் ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைகளுக்கு. 54 குழந்தைகளிடம் சோதித்ததில் நூற்றுக்கு எழுபது என்ற கணக்கில் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மீசென்கைமல் செல் மருந்தே அதுதான். இவ்வளவு வடிகட்டி வந்த பொருளை, உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் தலசீமியாவுக்கு ஆறு டோஸ் என்று விலை பேசுகிறார்.

நம் நாட்டு விதி இன்னும் எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்களுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுதான் வழக்கமான சிகிச்சை. மற்றபடி ஸ்டெம் செல் என்று எதைச் செய்தாலும் அது முறைப்படி பதிவு செய்த மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்த ஆள் மறுபடி வந்தால் அறிவியல் எல்லாம் பேச வேண்டாம். ‘இது ஆய்வா, சிகிச்சையா?’ என்று கேளுங்கள். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள், அதோடு 4 லட்சத்து 80 ஆயிரம் எதற்கு என்றும் கேளுங்கள். சிகிச்சை என்றால் அது விதிக்குப் புறம்பு. இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்.

‘பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே’ என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கெடுதல் உண்டு. எங்கே எப்படி வளர்த்தது என்று தெரியாத செல்லில் கிருமி இருக்கலாம். நரம்பில் செலுத்தும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலில்தான் போய்ச் சிக்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. யாருடையதோ ஆன செல்களுக்கு எதிராகப் பாப்பாவின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொண்டால், நாளைக்கு அவளுக்கு நிஜமாகவே செய்யக்கூடிய மஜ்ஜை மாற்றுக்கு, அதாவது ரத்த ஸ்டெம் செல் மாற்றுக்கு, அது இடைஞ்சலாக வந்து நிற்கலாம்.

அட்டையையே திருத்தும் மரபணு சிகிச்சை வந்துவிட்டதே என்றும் கேட்பீர்கள். வந்திருக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்து அமெரிக்காவும் அரிவாள் செல், தலசீமியா இரண்டுக்கும் மரபணுத் திருத்த சிகிச்சையை அனுமதித்தன. விலை கோடிக்கணக்கில். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, ரத்தக் கசிவு நின்றதை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இங்கிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறினால் மூன்று மணி நேரத் தூரத்தில் நடந்த காரியம் அது. இவை எல்லாவற்றிலும் திருத்தியது நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லைத்தான்.

இனி மாத்திரை. நான் உங்கள் மேல் கோபப்படும் ஒரே இடம் இது, கோபம்கூட இல்லை, வருத்தம். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு பை என்றால் வருடத்துக்கு மூன்றரை கிராம். வளர்ந்த ஆளின் மொத்த உடம்பிலேயே மூன்று நான்கு கிராம்தான் இரும்பு. வந்த இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போனால் அதிகம். மீதி ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படியும். தலசீமியா பிள்ளைகளைக் கொண்டுபோவது பெரும்பாலும் சோகை இல்லை, இதயத்தில் படிந்த இந்த இரும்புதான். நான்கு மாதம் நிறுத்தினீர்கள் என்றால் ஒரு கிராமுக்கு மேல் உள்ளே சேர்ந்துவிட்டது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இத்தாலியில் பெசாரோ நகரத்தில் தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று செய்து பழகிய குயிடோ லுகரெல்லி, சிகிச்சைக்கு முன்னால் மூன்று விஷயம் பார்ப்பார்: ஈரல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு இருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தார்களா. மூன்றும் நன்றாக இருந்த குழந்தைகள் நன்றாகப் பிழைத்தார்கள். இன்றும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறோம். இன்றைக்கு விழுங்கும் மாத்திரைதான் நாளைய மாற்று சிகிச்சைக்குக் கட்டும் முன்பணம்.

வயிற்று வலிக்கு வழி இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகை. அதை அப்படியே விழுங்க வைத்தீர்களா, பாலில் கலந்தீர்களா, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும், மூன்றுமே தப்பு. வெறும் வயிற்றில், தண்ணீரிலோ ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றிலோ நன்றாகக் கரைத்துக் கொடுத்து, அரை மணி கழித்துச் சாப்பாடு. அந்த வகையில் பால் சர்க்கரை கலந்திருக்கும், சில பிள்ளைகளுக்குப் பேதியாவது அதனால்தான். அப்படியென்றால் மேல்பூச்சு போட்ட இன்னொரு வகை உண்டு, லேசாகச் சாப்பிட்டுவிட்டே விழுங்கலாம், ஆனால் அளவு வேறு. நீங்களாக மாற்றிவிடாதீர்கள். மறுபடி தொடங்கும் முன் சிறுநீரகம், ஈரல், உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றும் பார்க்க வேண்டும். அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போகும்போது அங்கேயே சொல்லிப் பாருங்கள், அரசு மருத்துவமனையில் இந்த மாத்திரையும் கிடைக்கிறது.

தொப்புள்கொடி ரத்தத்துக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் வருவது போலக் குழந்தையின் ரத்தத்தை அந்தக் குழந்தைக்கே காப்பீடாக வைப்பதில் மரபு நோய்க்குப் பயன் இல்லை. அதே பிசகிய அட்டைதான் அதற்குள்ளும் இருக்கும். உங்கள் நிலை வேறு. பிறக்கும் குழந்தைக்கு மேஜர் இல்லாமல், திசுப் பொருத்தமும் பாப்பாவோடு சேர்ந்துவிட்டால், அந்தக் கொடி ரத்தம் நிஜமான மருந்து. ஆனால் ஒரு கொடியில் வரும் ரத்தம் கொஞ்சம், வளர்ந்த பிள்ளைக்குச் செல் எண்ணிக்கை போதாமல் போகலாம். அது இல்லாவிட்டாலும் அதே குழந்தை வளர்ந்தபின் மஜ்ஜை கொடுக்க முடியும். தனியார் வங்கியில் இப்போதே முன்பணம் கட்ட வேண்டாம். முதலில் கருவின் பரிசோதனை முடியட்டும். தேவைப்பட்டால் மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையே வழி சொல்லும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் ஏற்கனவே ஒருவன் இருக்கிறானே. நாலரை வருடமாகப் பாப்பாவுக்கு ரத்தம் ஏற்றுகிறீர்கள். பையனுக்கு எச்.எல்.ஏ. பொருத்தம், அதாவது திசுப் பொருத்தம் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அவனும் ஒற்றையாகத் தலசீமியா சுமப்பவனாக இருந்தாலும் பரவாயில்லை, தாராளமாக மஜ்ஜை கொடுக்கலாம். பல பேர் இதைத் தெரியாமல் ஒதுக்கிவிடுகிறார்கள். பொருத்தமான உடன்பிறப்பு இருந்து, ஈரலும் நன்றாக இருக்கும் சின்னக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் ரத்தம் ஏற்றும் கட்டிலிலிருந்து விடுபடுகிறார்கள். வேலூரில் 1980களிலிருந்தே தலசீமியாவுக்கு இதைச் செய்கிறார்கள்.

செலவு பத்து லட்சத்தைத் தாண்டும், மறைக்கவில்லை. அதற்கும் பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் ‘தலசீமியா பால் சேவா’ திட்டம் 2017இலிருந்து நடக்கிறது, தகுதியுள்ள குழந்தைக்கு 10 லட்சம் வரை கொடுக்கிறார்கள். வயது வரம்பு உண்டு, பாப்பாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றுக்கு இடம் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தலசீமியாவும் சேர்ந்திருக்கிறது, அந்த அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்து வையுங்கள். இந்தக் காகித வேலைகளில் மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் டாக்டரைவிட உதவுவார்.

வருகிற வாரம் நால்வரும் வாருங்கள். பாப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டை, அந்த ஆள் கொடுத்த ஃபைல் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் பாப்பாவுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எச்.எல்.ஏ. பார்க்க அவனுக்கு ஊசி இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும், வாயைத் திறந்து ஒரு நிமிடம் உட்கார்ந்தால் வேலை முடிந்தது.